எல்வுட்டின் பம்ப் துப்பாக்கி

விடியற்காலை நாலே கால் மணி. டாகெட் மலைச் சாலை. அந்தச் சாலையில் இந்தப் பக்கமும் வீடு இல்லை, அந்தப் பக்கமும் விளக்கு இல்லை. முந்தின நாள் சாயங்காலம் விழுந்த பனி, ஒரு டயர் படாமல் அப்படியே கிடந்தது. ஹார்லன் தன் பழைய பிக்கப் வண்டியை இரண்டாவது கியரிலேயே உருட்டிக்கொண்டு போனான். தனி ஆள். ஹீட்டர் உர்ரென்று ஊதியது. வண்டிக்குள் ஈரக் கம்பளி வாசனை. பின்கண்ணாடியை ஒட்டிய தாங்கியில் துப்பாக்கி.

டக்.

சாலையில் ஏதோ குழி என்று நினைத்தான்.

டக்... டக்.

இந்தத் தடவை குழியும் இல்லை, கல்லும் இல்லை. வண்டி வழுக்கிக்கொண்டு சமமாகத்தான் போனது. ஹார்லன் பிரேக்கை மிதித்தான். என்ஜினையும் அணைத்தான். துப்பாக்கியைத் தாங்கியிலிருந்து எடுத்து, காதருகே வைத்து உலுக்கிப் பார்த்தான். சத்தமே இல்லை. இருக்கவும் கூடாது. அந்தச் சத்தத்தை அவன்தான் தன் கையால் எடுத்திருந்தான், ஒன்றரை மாதம் உட்கார்ந்து...

திரும்ப வைத்துவிட்டு வண்டியை எடுத்தான். நூறு கஜம்கூடப் போகவில்லை.

டக். டக். டக்.

யாராவது அந்த அடுப்புக் கதவைச் சாத்துங்கள், புகை கண்ணைக் கரிக்கிறது. சரி. நான் சொல்கிற இது எனக்கு நடந்ததில்லை. நம் ராய் இருக்கிறானே, அவன் தங்கை புருஷன் இந்த ஹார்லனுக்கு நடந்தது. ராயிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னானாம். சொல்லும்போது ராயின் முகத்தைப் பார்க்கவே இல்லையாம், சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னானாம். கேட்டுவிட்டு நீங்களும் ஹார்லனை எங்கேயாவது பார்த்தால் இதைப் பற்றிக் கேட்காதீர்கள். அந்த ஆளுக்கு இருக்கிற வெட்கம் போதும்.

அந்தத் துப்பாக்கி முதலில் எல்வுட்டுடையது. வேட்டைக்குத் தானியங்கித் துப்பாக்கி கூடாது என்று சட்டம் போட்ட நாளிலிருந்து நம் பென்சில்வேனியாக்காரர்களுக்குப் பம்ப் துப்பாக்கி என்றால் உயிர். குழலுக்குக் கீழே இருக்கிற முன்கட்டையைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா தயார். எல்வுட் அதை ஐம்பத்துநாலாம் வருஷம் புதிதாக வாங்கினார். முப்பது வருஷம் அதே துப்பாக்கி. பழைய பம்ப் எல்லாவற்றுக்கும் ஒரு குணம் உண்டு, முன்கட்டை கொஞ்சம் ஆடும். எல்வுட்டுடையது கொஞ்சம் அல்ல, நிறையவே ஆடும். அவர் நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் டக்... டக்... என்று கேட்கும்.

"எல்வுட் வர்றாரு, மானுங்கெல்லாம் எழுந்து வழி விடுங்கப்பா" என்பான் டெல்மர். டெல்மர்தான் அவர்களுடைய வேட்டைக் குடிலுக்குத் தலைவன்.

"சத்தம் கேட்டு ஓடுற மான் எனக்கெதுக்கு? காது கேக்காத மானு ஒண்ணு எனக்குன்னு இருக்கும்டா" என்பார் எல்வுட்.

இன்னொன்றுக்கும் அவரைக் கேலி பண்ணுவார்கள். அவர் கோட்டுப் பையில் எப்போதும் ஒரு சுருள் கழிப்பறைத் தாள் இருக்கும். வயிறு சரியில்லாததால் அல்ல. அடிபட்ட மானைத் தேடிப் போகும்போது, ரத்தம் கண்ட இடத்திலெல்லாம் ஒரு துண்டு கிழித்துக் கிளையில் செருகிக்கொண்டே போவார். வழி தவறினால் திரும்பி வந்து கடைசித் துண்டிலிருந்து மறுபடி தொடங்கலாம். யார் சுட்ட மான் என்று அவர் கேட்டதே கிடையாது. அடிபட்டு ஓடினால் பின்னாலேயே போவார். ராத்திரியானாலும் போவார்.

இப்போது ஹார்லனுக்கு வருவோம்.

எண்பத்தைந்தாம் வருஷம், வேட்டையின் முதல் நாள், திங்கட்கிழமை. சாயங்காலம் நாலரை மணி இருக்கும். எல்வுட் அடுத்த மேட்டில் உட்கார்ந்திருந்தார். ஹார்லன் இந்த மேட்டில். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கொம்புள்ள மான் ஒன்று கீழே ஓடைக்கரையில் நடந்து போனது. சுட்டான். மான் விழவில்லை. முதுகை வளைத்து, வாலை இடுக்கிக்கொண்டு, மெதுவாக நடந்து புதருக்குள் போனது.

அப்படி முதுகை வளைத்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். குண்டு வயிற்றில் பட்டிருக்கிறது. இறங்கிப் போய்ப் பார்த்தான். பனியில் பழுப்பு மயிர். கறுத்த ரத்தம், அதில் பச்சையாக ஏதோ கலந்து... அந்த நாற்றம். சந்தேகமே இல்லை. சில மணி நேரம் காத்திருந்து, விளக்கை எடுத்துக்கொண்டு, விடிய விடியப் பின்னாலேயே போக வேண்டும். அதுதான் முறை.

ஹார்லன் மணியைப் பார்த்தான். கால்விரல் மரத்துப் போயிருந்தது. குடிலில் பன்றிக்கறியும் புளித்த முட்டைக்கோசும் கொதித்துக்கொண்டிருக்கும். குளிர், பசி, சோம்பல். அவ்வளவுதான் காரணம். பெரிதாக ஏதாவது இருந்திருந்தால் அவனுக்கே பிற்பாடு கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பூட்ஸ் காலால் பனியைத் தள்ளி அந்த ரத்தத்தை மூடினான். குடிலுக்கு நடந்தான்.

"சுட்ட சத்தம் கேட்டுதே? என்ன ஆச்சு?"

"தப்பிடுச்சுப்பா. சுத்தமாத் தப்பிடுச்சு."

குறி தப்பினவனுக்கு என்ன தண்டனை? சட்டையின் பின்வால். டெல்மர் கத்தரிக்கோலோடு வந்தான். நாலு பேர் பிடித்துக்கொள்ள, ஹார்லனின் சட்டையில் ஒரு முழம் வெட்டியெடுத்துப் பெயரும் வருஷமும் எழுதிச் சுவரில் ஆணி அடித்தார்கள். ஒரே சிரிப்பு. ஹார்லனும் சிரித்தான். ஒரு சட்டையோடு போயிற்று என்று அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்ததாம்.

அன்று எல்வுட் குடிலுக்கு வரவில்லை. யாரும் கவலைப்படவில்லை. அவர் வீடு மலையடியில்தான், மனைவி வெர்னாவின் சமையல் ஞாபகம் வந்தால் சொல்லாமலே போய்விடுவார். அவர் குடிலில் இருக்கிறார் என்று வெர்னா நினைத்தாள். அவர் வீட்டில் இருக்கிறார் என்று குடிலில் இருந்தவர்கள் நினைத்தார்கள். குடிலில் தொலைபேசியும் கிடையாது. ராத்திரி முழுக்கப் பனி கொட்டியது.

புதன்கிழமை கண்டுபிடித்தார்கள். ஹெம்லாக் என்கிற ஊசியிலை மரங்கள் அடர்ந்த சதுப்பில், ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாரடைப்பு. மடியில் துப்பாக்கி. அவர் வந்த வழியெல்லாம் கிளைகளில் வெள்ளைத் தாள் துண்டுகள்... காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. மான் கிடைக்கவில்லை.

டெல்மர் அவர் மடியிலிருந்து துப்பாக்கியை எடுத்துத் திறந்தான். தோட்டாக்களை எண்ணினான். குழலை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தான்.

"இவரு ஒரு குண்டுகூடச் சுடலையே" என்றான். "அப்ப யாரோட மானைத் தேடிட்டு வந்தாரு?"

பதினோரு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். ஹார்லன் தன் பூட்ஸைப் பார்த்தான். தப்பிவிட்டது என்று சுவரிலேயே எழுதியிருக்கிறதே, அவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அந்தக் கேள்வி அப்படியே சதுப்பில் நின்றது.

சுட்ட சத்தம் கேட்டு இறங்கி வந்த எல்வுட்டுக்குத் தெரிந்திருக்கும். காலால் தள்ளிய பனி, பக்கத்திலேயே ஹார்லனின் காலடி, அது குடில் பக்கம் திரும்பிப் போகிறது... அவருக்கா புரியாது? புரிந்தும், திட்டாமல், யாரையும் கூப்பிடாமல், தாளைக் கிழித்துச் செருகிக்கொண்டே போயிருக்கிறார். ஹார்லனைத் தூங்கவிடாதது அதுதான்.

சவ அடக்கத்தில் வெர்னாவின் கையைப் பிடித்தான். சொல்ல வாயெடுத்தான். "குளிருல நிக்காதே ஹார்லன், உள்ளே போய் ஏதாவது சாப்பிடு" என்றாள் அவள். சொல்லவில்லை. அடுத்த வருஷம் முதுகுவலி என்று சொல்லி வேட்டைக்கே போகாமல் டவுனில் தன் வீட்டில் போர்த்திப் படுத்துக்கொண்டான். வெர்னா வீட்டு வழியே போகாமல் நாலு மைல் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனான். ஒரு வரிதான். 'அது நான் சுட்ட மான்.' அந்த ஒரு வரியை அவளிடம் சொல்ல அவனுக்கு இரண்டு வருஷம் வாய் வரவில்லை.

எண்பத்தேழு செப்டம்பரில் வெர்னாவே வந்து நின்றாள். கையில் கம்பளியில் சுற்றிய நீள மூட்டை.

"இது உனக்கு" என்றாள். "அவரு இருந்தா உனக்குத்தான் குடுத்திருப்பாரு."

"வேணாம் வெர்னா. டெல்மருக்குக் குடுங்க. நான்... எனக்கெதுக்கு?"

"டெல்மர்கிட்டே ஏழு இருக்கு. பேசாமப் பிடி." அவன் கன்னத்தைத் தட்டினாள். "ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டே? நான்கூட இப்பல்லாம் நல்லாத் தூங்கறேன்டா."

வாங்கிக்கொண்டான். வேறு என்ன செய்வான்? வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

காரேஜுக்குக் கொண்டு போய் மேசை மேல் வைத்தான். வைக்கும்போதே முன்கட்டை ஆடியது. டக். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டான், இதை அடையாளம் தெரியாமல் மாற்றிவிட வேண்டும் என்று. 'பழைய துப்பாக்கி, கொஞ்சம் புதுப்பிக்கிறேன்' என்று மனைவியிடம் சொன்னான். உள்ளே இருந்த எண்ணம் வேறு. எல்வுட் அதில் எந்த மூலையிலும் மிச்சம் இருக்கக் கூடாது.

ஹார்லனுக்குக் கை நன்றாக ஓடும், அதைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டு ஆணிகளைத் தட்டி எடுத்து விசைப் பெட்டியைக் கழற்றினான். முப்பது வருஷத்து எண்ணெய் உள்ளே மெழுகாக இறுகிக் கிடந்தது, குளிரில் விசையை இழுத்தாலும் தோட்டாவை அடிக்கிற சுத்தி விழவே யோசிக்கும் அளவுக்கு. எல்லாவற்றையும் கரைத்துக் கழுவினான். உறையாத மெல்லிய எண்ணெயாகப் போட்டான். தோட்டா உட்காரும் அறையில் துரு. இரண்டு ராத்திரி பனியில் கிடந்த துரு. இந்த மாதிரித் துப்பாக்கியில் குழலைக் கழற்றுவது லேசில்லை, குழல்வாய்ப் பக்கமிருந்துதான் சுத்தம் பண்ணும் கம்பியை விட வேண்டும். பொறுமையாக விட்டு, மெருகு ஏற்றி, காலி ஓடு வழுக்கிக்கொண்டு வெளியே வரும்படி செய்தான். பழைய இரும்புக் குறிக்கண்ணை எடுத்துவிட்டு, மேலே துளை போட்டுப் தூரத்தைக் கிட்டக் காட்டும் புது ஸ்கோப் பொருத்தினான். எல்வுட்டின் உள்ளங்கை பட்டுக் கறுத்திருந்த மரத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து வெள்ளை தட்ட வைத்தான்.

ஒரு நாள் சாயங்காலம், தோளில் வைக்கும் பின்கட்டையைக் கழற்ற உட்கார்ந்தான். அதன் முனையில் இருக்கும் தகட்டை எடுத்தால் உள்ளே நீளமாக ஒரு துளை, அதற்குள்தான் பின்கட்டையை இறுக்கும் பெரிய திருகாணி. தகட்டை எடுத்தான். துப்பாக்கியைச் சாய்த்தான்.

மேசை மேல் பனி கொட்டியது.

தண்ணீர் இல்லை. பனி. மாவு மாதிரி, வெள்ளையாக, ஒரு கைப்பிடி. அக்டோபர் மாதம்... அடுப்பு எரிகிற காரேஜ்... இரண்டு வருஷமாக வெர்னா வீட்டு அலமாரியில் கிடந்த துப்பாக்கி. ஹெம்லாக் ஊசியிலையின் வாசனை அந்த அறை முழுக்க வந்தது. ஹார்லன் பார்த்துக்கொண்டே நின்றான். பனி உருகவில்லை. கடைசியில் அவன்தான் துடைப்பத்தால் கூட்டி, முறத்தில் அள்ளி, வெளியே கொண்டு போய்க் கொட்டினான். அதன் பிறகு அந்தத் துளையில் ரப்பர் அட்டையை வைத்து இறுக்க அடைத்தான்.

முன்கட்டையை மட்டும் கடைசியாக வைத்திருந்தான். கழற்றி, உள்ளே மெல்லிய ரப்பர் வளையங்கள் கொடுத்து, அரம் போட்டு, மறுபடி பொருத்தி, உலுக்கி, மறுபடி கழற்றி... பத்து நாள் ஆனது. ஆட்டம் நின்றது. பட்டு மாதிரி இழுபட்டது. சத்தம் போனது.

குறி சரிபார்க்கும் இடத்தில் டெல்மர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"என்னடா இது, பெருசுக்குக் கல்யாண மாப்ளே வேஷம் போட்டு விட்டிருக்கே!" என்று சிரித்தான். பிறகு வழக்கம் போல உலுக்கினான். மறுபடி உலுக்கினான். சிரிப்பு போய்விட்டது.

"சத்தம் எங்கே?"

"எடுத்துட்டேன். ஆடுச்சு, அதான்..."

"அது அவரு சத்தம்டா" என்றான் டெல்மர். துப்பாக்கியை அவன் கையில் கொடுக்காமல் மேசை மேல் வைத்துவிட்டுப் போனான். ஹார்லனுக்கு முகம் தீய்ந்தது. கூட்டத்தில் யாரோ தன் துணியை உருவிவிட்ட மாதிரி இருந்தது என்று ராயிடம் சொன்னான்.

அப்படிச் சத்தம் எடுத்த துப்பாக்கிதான் அந்த வருஷ வேட்டையின் முதல் நாள் விடியற்காலை டாகெட் சாலையில் டக் டக் என்றது.

வண்டியைச் சாலை முடிவில் நிறுத்திவிட்டு, டார்ச் விளக்கோடு மேட்டுக்கு ஏறினான். அதே மேடு. வேறு இடம் போயிருக்கலாமே என்று கேட்காதீர்கள், கால் அங்கேதான் போனது என்கிறான். மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். துப்பாக்கி மடியில். அது இப்போது பேசாமல் இருந்தது.

விடிந்தது. சாம்பல் வெளிச்சம். காற்று இல்லை. தூரத்தில் யாரோ ஒரு முறை சுட்டார்கள். பிறகு அமைதி.

டக்... டக்...

கீழே ஓடைக்கரையில். இரண்டு அடி. நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. மறுபடி ஒரு அடி... டக். நின்றது. மெல்லிசாகத் தாள் கிழியும் சத்தம். மறுபடி இரண்டு அடி.

ரத்தம் பார்த்துப் போகிறவன் நடை அது. குனிவான், தேடுவான், நிமிர்வான், நடப்பான். ஹார்லன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். ஓடைக்கரை காலியாக இருந்தது. பளிச்சென்ற ஆரஞ்சுக் கோட்டு இல்லாமல் யாரும் காட்டுக்குள் வரக் கூடாது, வந்திருந்தால் அரை மைலுக்குத் தெரியும். ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும் நகர்ந்தது.

அப்போது செய்யக் கூடாத ஒன்றைச் செய்தான். துப்பாக்கியைத் தூக்கி ஸ்கோப் வழியாகப் பார்த்தான். ஆளா மானா என்று தெரியாமல் துப்பாக்கியை நீட்டிப் பார்க்கிறவனைக் குடிலில் அடிக்கவே வருவார்கள். தெரிந்தும் பார்த்தான்.

ஸ்கோப்பில் தெரிந்தது. கிளைகளில் வெள்ளைத் தாள் துண்டுகள். ஒன்று, அதற்கப்பால் ஒன்று, அதற்கப்பால் ஒன்று. காற்றே இல்லை, ஆனால் ஆடின. பனியில் கறுத்த சொட்டுகள். அந்த வரிசையின் கடைசியில், மரங்களுக்கு நடுவே, குனிந்த முதுகு ஒன்று. பக்கத்தில், ஒரு அடி தள்ளி, இன்னொரு முதுகு.

ஸ்கோப்பை இறக்கினான். காலி. மறுபடி வைத்தான். இரண்டு முதுகும் நிமிர்ந்து, ஹெம்லாக் நிழலுக்குள் போய் மறைந்தன.

இறங்கிப் போனான். பயமாக இருந்தது, ஆனால் உட்கார்ந்திருப்பது அதைவிட அசிங்கமாக இருந்தது. ஓடைக்கரையில் தாள் இல்லை. ரத்தம் இல்லை. காலடி மட்டும் இருந்தது, இரண்டு ஜோடி. ஒன்று பெரிய பூட்ஸ், வலது கால் கொஞ்சம் இழுத்து வைக்கிற நடை, அது யாருடையது என்று அவனுக்குத் தெரியும். இன்னொன்றை அவன் உற்றுப் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை.

தொடர்ந்து போனான். சதுப்பு வரைக்கும். எல்வுட் சாய்ந்திருந்த மரத்துக்குப் பத்தடி முன்னால் இரண்டு ஜோடிக் காலடியும் நின்றுவிட்டன. திரும்பி வந்த தடம் இல்லை. பக்கவாட்டில் போன தடமும் இல்லை. வெறும் பனி.

ஹார்லன் மண்டியிட்டான். "அது நான் சுட்ட மான்தான்" என்றான் உரக்க. "வயித்துல பட்டுச்சுன்னு தெரியும். தெரிஞ்சேதான் போனேன்."

மரத்திடம் சொல்வது லேசுதானே. சொல்ல வேண்டியது யாரிடம் என்று அங்கே மண்டியிட்டபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கே, இருட்டுவதற்குள்ளே, வெர்னாவிடம் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவள் காறித் துப்பினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் பாருங்கள், மனுஷன் புத்தி... மத்தியானம் போகலாம் என்று நினைத்தான். சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்தான். வண்டியில் உட்கார்ந்து ஆறிப்போன காப்பியைக் குடித்துக்கொண்டே ஐந்து மணி வரை பொழுதை ஓட்டிவிட்டான். அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி ஐந்தேகால். நன்றாக இருட்டிவிட்டது.

சமையலறை விளக்கு எரிந்தது. வெங்காயம் வதங்கும் வாசனை. புகைபோக்கியில் புகை. எல்லாம் வீடு மாதிரி வீடாகத்தான் இருந்தது. ஹார்லன் துப்பாக்கியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு படியேறினான். மூன்று தட்டு தட்டினான்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. வெர்னா கதவைத் திறந்தாள், முழுக்க இல்லை, சங்கிலி போட்டபடி. அவன் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் அழுத ஈரம் இருந்தது.

இனி நிறுத்தினால் சொல்லவே மாட்டோம் என்று அவனுக்குத் தெரியும். கடகடவென்று கொட்டினான்.

"வெர்னா, ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருஷமாச் சொல்லாம வச்சிருந்தேன். அன்னைக்கு எல்வுட் தேடிப் போனது நான் சுட்ட மான். தப்பிடுச்சுன்னு பொய் சொன்னேன். குளிருதுன்னு விட்டுட்டு வந்துட்டேன். எல்லாம் என்னாலதான்..."

"தெரியும்" என்றாள் வெர்னா. "போன வருஷமே தெரியும்."

"யாரு சொன்னா?"

"ஹார்லன் சொன்னான்."

ஹார்லனுக்கு ஒன்றும் புரியவில்லை. போன வருஷம் இதே நாள் அவன் டவுனில் போர்த்திப் படுத்திருந்தான்.

"போன வருஷம் முதல் நாள், இதே நேரத்துக்கு வந்தான்" என்றாள். "தலையிலேருந்து கால் வரைக்கும் பனி. என் காலடியில உக்காந்து எல்லாத்தையும் சொன்னான். ஒரு மணி நேரம் அழுதான். அந்த மானைக் கண்டுபிடிக்காம விடமாட்டேன், எல்வுட் கூடவே தேடுறேன்னு சொன்னான். அதுக்கப்பறம்தான் எனக்குத் தூக்கமே வந்துச்சு. மன்னிச்சேன். மன்னிச்சுதான் துப்பாக்கியைக் கொண்டுபோய்க் குடுத்தேன்."

"வெர்னா... நான் வரவே இல்லையே. நான்தானே ஹார்லன்?"

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பி, தன் தோளுக்குப் பின்னால், சமையலறைப் பக்கம் பார்த்தாள். பிறகு இவனைப் பார்த்தாள். தேய்த்து வெளுத்த மரத்தை, பளபளக்கும் ஸ்கோப்பை, அசையாத முன்கட்டையை, அவன் முகத்தை. சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஹார்லன் உள்ளே இருக்கான்" என்றாள். "வந்து ஒரு மணி நேரம் ஆச்சு. நீ யாரு?"

கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

ஹார்லன் அங்கேயே நின்றான். ஓடியிருக்கலாம். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் செருப்புச் சத்தம் சமையலறைக்குப் போனது. ஒரு கரண்டி தட்டில் பட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், நிறைய அழுதவர்கள் உறிஞ்சுவது போல.

"வாசல்ல யாரு, வெர்னா?"

அது அவனுடைய குரல்.

"யாருமில்லேப்பா" என்றாள் வெர்னா. "நீ சாப்பிடு."